முதலாளியின் பத்தியம்

பட்டறை வெல்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவர் "முதலாளி" என்று பெயர் வைத்து வளர்த்த நாயிடம் மட்டும் அந்தக் கோபம் செல்லாது. முதலாளி குண்டாகிவிட்டதென்று, கறியை நிறுத்தி, பூசணி, கேரட், பீன்ஸை உப்பில்லாமல் வேகவைத்து மசித்துக் கொடுக்கச் சொன்னார் நாய் டாக்டர்.

வெல்டரே அடுப்படியில் நின்று சமைத்தார். முதலாளி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏண்டா, விஷமா வச்சிருக்கேன்?" என்று எரிந்து விழுந்தவர், ஒரு கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டு "ஆஹா!" என்றார். உடனே அதுவும் சாப்பிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு வாய் தின்றால்தான் அது ஒரு வாய் தின்னும்; அதிலேயே அவர் வயிறும் நிறைந்துவிடும். பட்டறையில் ஆளாளுக்குப் போடும் பிஸ்கட்டை மட்டும் யாரும் தின்று காட்டாமலேயே தின்றது.

சில மாதங்கள் போயின. நாயின் கழுத்துப்பட்டை அதே ஓட்டையில் நின்றது. வெல்டரோ ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து இடுப்பில் நிற்காமல் தொளதொளத்த தன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, டாக்டர் பத்தியம் சொன்னது அதுக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

சுள்ளென்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சட்டிக்கு முன்னால் காத்திருந்த முதலாளி, முதல் கவளம் அவர் வாய்க்குள் போகப்போகிறதென்று வாலை ஆட்டியது.