மரத்தில் அடித்த ஆணி

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது.

நுவரெலியா நகரின் நடுவே சிறு காடு ஒன்று உண்டு. தையல்கடை வைத்திருக்கும் நானும் சில நண்பர்களும் சங்கமாகச் சேர்ந்து, ஞாயிறுதோறும் அங்கே குப்பை பொறுக்குவோம். ஓடையைத் துப்புரவு செய்வோம்.

அன்று அறிவிப்புப் பலகை மாட்டும் வேலை எனக்கு. பாதையோரத்துப் பெரிய மரத்தில் பலகையை வைத்து, நீளமான ஆணியாகப் பார்த்து ஓங்கி அடித்தேன். மேலே ஏதோ இரைந்தது. நிமிர்வதற்குள் குளவிகள் முகத்தை மொய்த்துவிட்டன. கிளையில் கூடு தொங்கியதை நான் பார்க்கவேயில்லை.

எங்கள் சங்கத்துச் செல்வி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியான படங்கை விரித்து அதில் குப்பை சேர்த்துக்கொண்டிருந்தாள். குப்பையை உதறிவிட்டு, படங்கை என் தலையில் போர்த்தி இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"கண்ணத் தொறக்காதீங்க அண்ணே, எம் பின்னாலயே வாங்க."

கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் பிழைத்திருக்க முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பக்கத்தில் செல்வி வீங்கிய கையோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா அண்ணே, அந்தப் பலகையில என்னதான் எழுதியிருந்தீங்க?"

'மரங்களைத் துன்புறுத்தாதீர்கள்' என்று என் கையாலேயே எழுதிய பலகை அது.

இப்போதெல்லாம் நிலத்தில் கம்பு நட்டுத்தான் பலகை மாட்டுகிறேன். அதற்குக் குழி தோண்டும் முன்பும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறேன்.