மாமியார் தோற்க மறுத்த நாடகம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. உத்திரமேரூரிலிருந்து பெருநகர் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் நான் நர்சாக வேலை பார்த்தேன். வயது இருபத்தாறு. எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த வயது.

அந்த ஊரில் குழந்தைக்குப் பேதி கண்டால் முதல் வேலையாகத் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். 'வயித்தைக் காயப் போடணும்' என்பார்கள். முந்தைய மழைக்காலத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அப்படித்தான் செத்துப்போனது. நான் போய்ச் சேர்ந்தபோது அதன் நாக்கு கட்டையாக உலர்ந்திருந்தது. பக்கத்திலேயே குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் வீடு வீடாகப் போய், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுங்கள் என்று கரடியாய்க் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தெருமுனை தாண்டியதும் பழையபடிதான்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நாடகம் போட்டுச் சொல்லுங்கள் என்றார்கள். அதற்காகக் காஞ்சிபுரத்தில் எங்களுக்கு இரண்டு நாள் நடிப்புப் பயிற்சி. ஊசி போடத் தெரிந்த இருபது பெண்களை வரிசையாக நிற்க வைத்து, ஜிப்பா போட்ட ஒருவர் இல்லாத தம்ளரில் காபி குடித்துக் காட்டச் சொன்னார். நான் குடித்தேன். "குடிச்சீங்க, சரி. தம்ளரை எங்கே வெச்சீங்க?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் குழந்தை சாகிறது, இங்கே இல்லாத தம்ளருக்குக் கணக்குக் கேட்கிறார்கள்! ஆனாலும் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டேன். முகம் எப்போதும் சபையைப் பார்க்க வேண்டும், குரல் கடைசி ஆள்வரை போக வேண்டும், வசனம் மறந்தாலும் நிற்கக் கூடாது.

நாடகத்தை நானே எழுதினேன். பத்தே நிமிடம். குழந்தைக்குப் பேதி. மாமியார் தண்ணீர் கொடுக்காதே என்று தடுக்கிறாள். மருமகள், "என் புள்ளைக்கு நான் குடுப்பேன்!" என்று எதிர்த்து நின்று கொடுக்கிறாள். அப்போது நர்ஸ் உள்ளே வந்து மாமியாரை நன்றாகக் கண்டிக்க, மாமியார் தலைகுனிகிறாள். நர்ஸ் வேஷம் யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மருமகள் வேஷத்துக்கு ஒரு பெண்ணை மனதில் வைத்திருந்தேன். ஏரிக்கரையில் நின்று ஆட்டைக் கூப்பிட்டால் அடுத்த கரையில் மேய்கிற ஆடு நிமிர்ந்து பார்க்கும், அப்படிப்பட்ட குரல். கையில் ஒரு வயதுக் குழந்தை. அவளுடைய மாமியாரோ, தானும் கூட வந்தால்தான் அனுப்புவேன் என்றார். வரட்டுமே, அவருக்கே மாமியார் வேஷத்தைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நிஜ மாமியார், நிஜ மருமகள். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? என் புத்தியை என்னவென்று சொல்வது!

மறுநாள் பிற்பகல் ஒத்திகை தொடங்கியது. என் பொறுமைக்கும் அன்றோடு முடிவு வந்தது. ஆட்டுக்கு அத்தனை சத்தம் போடுகிற பெண், அத்தைக்கு எதிரில் நின்றதும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் குடுப்பேன்" என்பது முந்தானைக்குள்ளேயே போய்விட்டது. சபையைப் பார் என்றால் தரையைப் பார்த்தாள். எதிர்த்து நில் என்றால் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். பத்து முறை சொல்லிக் கொடுத்தேன். பதினோராவது முறை, "அத்தைய எப்படிக்கா மூஞ்சிக்கு நேரா அப்டி பேசறது?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"இது நாடகம்டி! நிஜம் இல்ல!"

"அவங்க நெஜமா நிக்கிறாங்களே?"

தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மாமியாரின் கதை நேர்மாறு. அவருக்குக் கூச்சமே கிடையாது. மருமகளிடம் இல்லாத சொம்பில் தண்ணீர் கலக்கிக் காட்டச் சொன்னேன். "இல்லாத சொம்புல இன்னாத்த கலக்கறது? எங்க வூட்ல பித்தளை சொம்பு கீது" என்று இவர் போய் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். பழந்துணியைச் சுருட்டிச் செய்த பொம்மைக் குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த பிறகுதான் மடியில் போட்டார். முகத்தைச் சபைக்குக் காட்டுங்கள் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அப்புறம் அந்த முகம் திரும்பவே இல்லை. குரலா, கணீர்! ஆனால் கடைசியில் தலைகுனிய மட்டும் மாட்டேன் என்றார்.

"நான் எதுக்குமா குனியணும்? பேதி ஆவச்சே தண்ணி குடுத்தா இன்னும்தான் போவும். நான் சொல்றதுதானே நாயம்?"

"நாடகத்துல அப்படித்தான் வருதும்மா."

"அப்போ நாடகத்த மாத்து."

தினமும் இந்தச் சண்டைதான். அவர் என்னைப் பேஜார் பண்ணினாரா, நான் அவரைப் பேஜார் பண்ணினேனா என்றே தெரியவில்லை. பயிற்சி கொடுத்த ஜிப்பாக்காரர் கையில் கிடைத்தால் ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

நாடகம் நடந்தது ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பள்ளிக்கூடத்து மரத்தடியில் ஊர்ப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஜீப்பில் டாக்டரும் வந்துவிட்டார். நான் வெள்ளைச் சேலையில், திரையாகக் கட்டியிருந்த போர்வைக்குப் பின்னால் என் முறைக்காகக் காத்திருந்தேன்.

மாமியார் தொடங்கினார். நான் எழுதியது நாலு வரி. அவர் நாற்பது வரி பேசினார். "எங்க காலத்துல நர்சம்மா இருந்துச்சா, டாக்டர் இருந்தாரா? ஆறு புள்ள பெத்தேன் நானு! வயித்தைக் காயப்போட்டுத்தான் ஆளாக்குனேன்!" முகம் சபையை விட்டு அசையவில்லை. குரல் கடைசி வரிசையையும் தாண்டி ரோட்டுக்குப் போனது. கீழே இருந்த பெண்கள், "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார்கள். இதற்காகவா ஒரு மாதம் உயிரை விட்டேன்? ஊரையே கூட்டி வைத்து, தண்ணீர் கொடுக்காதே என்று நானே மைக் பிடிக்காத குறையாகச் சொல்ல வைக்கிறேனே! மழைக்காலம் இன்னும் இரண்டே மாதத்தில்.

மருமகளைப் பார்த்தேன். அவள் வாய் திறக்கவில்லை. போர்வைக்குப் பின்னாலிருந்து, "நான் குடுப்பேன்... நான் குடுப்பேன்..." என்று வசனத்தை எடுத்துக் கொடுத்தேன். என் குரல்தான் முன்வரிசைக்குக் கேட்டிருக்கும். அவள் அசையவில்லை. சரி, எல்லாம் பாழ் என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டேன்.

அப்போது கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. எட்டிப் பார்த்தேன். மாமியார் சபையைப் பார்த்துப் பொழிந்துகொண்டிருக்க, அவருக்குப் பின்னால் அந்தப் பெண் சத்தமில்லாமல் உட்கார்ந்து, துணிக்குழந்தையை மடியில் சாய்த்து, சொம்பிலிருந்து ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்பூன் கொடுப்பாள், அத்தையின் முதுகைப் பார்ப்பாள், இன்னொரு ஸ்பூன் கொடுப்பாள். இதை நான் எழுதவில்லை. யாரும் சொல்லியும் கொடுக்கவில்லை. மாமியார் தன் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று இன்னும் குரலை ஏற்றினார். சிறுவயது மருமகள்கள் எல்லாம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். ஒருத்தி பொறுக்க முடியாமல், "குடு, குடு! திரும்பறதுக்குள்ள குடு!" என்று கத்திவிட்டாள்.

மாமியார் திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் கப்பென்று அடங்கியது. அந்தப் பெண்ணின் கை ஸ்பூனோடு அப்படியே நின்றது. அவள் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை, நிஜமான பயம். வீட்டுக்குப் போனால் என்ன ஆகுமோ என்று எனக்கே கவலை வந்துவிட்டது. நான் உள்ளே போய்க் கண்டிக்க வேண்டிய இடம் இதுதான். போர்வையை விலக்கிப் பார்த்தபடியே நின்றுவிட்டேன்.

மாமியார் சொம்பைப் பார்த்தார். துணிக்குழந்தையைப் பார்த்தார். மருமகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்து, குழந்தையின் தலைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, "மெதுவா குடு. பொரை ஏறிடப் போவுது" என்றார்.

பெண்கள் தட்டிய கைதட்டலில் மரத்திலிருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது. நாடகம் அங்கேயே முடிந்தது. நர்ஸ் உள்ளே வரவே இல்லை. எனக்குப் பேச ஒரு வரியும் மிச்சமில்லை.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் அதிகம். இஸ்திரி போட்ட சேலை, மனப்பாடம் செய்த வசனம், எல்லாம் வீண். தலைகுனியச் சொன்னேனே, ஏன் மாற்றினீர்கள் என்று அந்த அம்மாளிடம் கேட்டே விட்டேன். "குனிஞ்சிருந்தா ஊர்ல நாள பின்ன யாரு என்னை மதிப்பாங்க?" என்றார். அப்படியானால் தண்ணீர் கொடுக்கலாம் என்று நிஜமாகவே ஒப்புக்கொள்கிறீர்களா, அல்லது சும்மா நடித்தீர்களா என்று கேட்டேன். அவர் சொம்பைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, அந்த வீட்டுக் குழந்தைக்குப் பேதி என்று தகவல் வந்ததும் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். போகிற வழியெல்லாம் போன வருஷத்துக் குழந்தையின் நாக்குதான் கண்ணுக்குள் நின்றது. உள்ளே போனால், குழந்தை பாட்டியின் மடியில். அவர் ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்க, மருமகள் அடுத்த சொம்புக்கு வெந்நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை சோர்ந்திருந்தாலும் நாக்கில் ஈரம் இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா நர்சம்மா, இத்தினி லேட்டா வர்றே?" என்று என்னைத்தான் அதட்டினார்.

இரண்டாம் நாள் குழந்தை மறுபடி தவழ ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ வீடுகளில் ஏறி இறங்கினேன். ஒருவர் தவறை விடவேண்டும் என்றால், அவர் தோற்காமல் விடுவதற்கு ஒரு வழியையும் நாம் வைத்திருக்க வேண்டும் என்பதை, நான் எழுதத் தெரியாமல் விட்ட 'மெதுவா குடு' என்ற அந்த ஒரு வரியைத் தானே சொல்லிக்கொண்ட அம்மாளிடம்தான் கற்றேன்.