முனியாண்டி நகர்த்திய அச்சு

மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் முனியாண்டி வண்டி பழுதுபார்க்கும் பிட்டர் ஆனது கைவேலையால் அல்ல, கல்யாணத்தால். ராக்கம்மாளின் மகளைக் கட்டினான். ராக்கம்மாளின் தம்பி பட்டறை ஆட்களை மேய்க்கும் மண்டோர். தாலி ஏறிய மறுமாதமே பால் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு ஸ்பேனரைப் பிடித்தான். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதையே மூன்று மாதம் படித்தான் என்று லோரி ஓட்டும் சன்னாசி சொல்லுவான்.

அப்போது அவசரகாலம்; காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை. காட்டோர லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்களைக் கம்பி வேலி போட்ட புது லயத்துக்குக் கொண்டுபோகத் துரை உத்தரவு போட்டார். ஆட்களை ஏற்றுவதற்காக, பலகை ஏற்றும் டிரெய்லரை நீட்டி, எக்சல் என்னும் அதன் ஒற்றை அச்சை இரண்டடி பின்னால் தள்ளிப் பூட்டும் வேலை முனியாண்டி தலையில் விழுந்தது. சனங்களின் தலையில் விழுந்தது என்றும் சொல்லலாம்.

அச்சை நகர்த்தினால், லோரியில் கோக்கும் முன்னாணியிலிருந்து இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் கயிறு பிடித்து, இரண்டும் ஒரே நீளமா என்று பார்க்கவேண்டும். மாட்டுவண்டிக்காரனுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் டிரெய்லரின் இடப்பக்கம் பட்டறையின் கம்பி வேலியோடு ஒட்டி நின்றது. அந்தப் பக்கம் போக கேட் வழியாகச் சுற்றவேண்டும். அங்கே போலீஸ், காட்டுக்கு அரிசி போகிறதா என்று ஆள் ஆளாக மடியைத் தடவும். பிட்டர் மடியைத் தடவுவதா! அடியில் தவழலாம் என்றால் வெள்ளைக் கால்சட்டை அழுக்காகும். வலப்பக்கம் மட்டும் அளந்தான். மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று போல்ட்டை முறுக்கிவிட்டான்.

மறுநாள் காலை சன்னாசி வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு காட்டோர லயத்துக்கு வந்தான். கண்ணாடியில் பார்த்தால் பின்பக்கம் ரோட்டைவிட்டு ஒதுங்கி ஒதுங்கி வந்தது. போகும் வழியில் ஒரு செங்குத்து இறக்கம், ஓரத்தில் பள்ளம். ஏறக் காத்திருந்தவர்களில் சன்னாசியின் பெண்சாதி வள்ளிநாயகியும் இருந்தாள், எட்டு மாதம். சன்னாசி இறங்கி, மாமியாரோடு நின்ற முனியாண்டியிடம் நேராகப் போனான்.

"என்னடா பிட்டரு, வண்டி நண்டு மாதிரி நடக்குது. ஒரு பக்கந்தான் அளந்தியா?"

"ஓட்டத் தெரியாதவன் எக்சலத்தான் கொறை சொல்லுவான்லா. நூறு பேர ஏத்து, ஒண்ணும் ஆவாது."

"ஆவாதா? சரி, மொதல்ல ஒன் மாமியார ஏத்து. கடைசி ஓரத்துல நீ ஒக்காரு."

ராக்கம்மாள் மூட்டையோடு ஏறிவிட்டாள். "வாங்க மாப்ள, ஏறுங்க."

முனியாண்டி இறக்கத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "எனக்குக் கொஞ்சம் வேல கெடக்கு அத்த. நீங்க போங்க, நான் நடந்தே வந்துர்றேன்."

"மூணு மைலா? கடைக்குப் போகவே சைக்கிள் கேப்பீங்களே!" ராக்கம்மாள் மூட்டையைக் கீழே எறிந்தாள். "எறங்குங்கடி எல்லாரும். செஞ்சவனே ஏறமாட்டேங்கிறான்."

சனம் மொத்தமும் இறங்கியது. காவலுக்கு வந்த போலீஸ், நேரமாகிறது என்று கைக்கடிகாரத்தைக் காட்டிக் கத்தியது. சன்னாசி காது கொடுக்கவில்லை. ஜாக்கி போட்டு, அடியில் படுத்து, கயிறு பிடித்தான். இடப்பக்கம் மூன்று விரல் குறைவு. போல்ட்டைத் தளர்த்தி, சம்மட்டியால் தட்டி, இரண்டு பக்கமும் ஒன்றாகும்வரை எழுந்திருக்கவில்லை. பிட்டர் மரநிழலில் நின்று, "மெல்ல, மெல்ல" என்று யோசனை சொன்னான்.

பொழுது சாயுமுன் வள்ளிநாயகியும் மற்றவர்களும் பள்ளத்து ஓரமாகப் பத்திரமாக இறங்கிப் புது லயம் சேர்ந்தார்கள். கேட்டில் நின்ற துரை, நேராக வந்து நின்ற டிரெய்லரைப் பார்த்து, "குட், குட்" என்று பக்கத்தில் வந்து நின்ற முனியாண்டியின் முதுகில் தட்டினார். அவனும் கூசாமல் முதுகை இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுத்தான்.