மடுப் பயணத்தில் காணாமல் போன பிள்ளையார்

இன்று நாங்கள் குடியேறிய நியூ லின் ஊர்த் தேவாலய மண்டபத்தில் எனக்கு இரத்தம் கொதித்தது.

எண்பத்திரண்டாம் ஆண்டு ஆவணித் திருவிழாவுக்கு நானும் மச்சான் அன்ரனும் யாழ்ப்பாணத்திலிருந்து மடுமாதா கோயிலுக்குச் சைக்கிளில் போனோம். அந்த யாத்திரையை அன்ரன் வெள்ளைக்காரச் சபையாருக்கு ஸ்லைட் போட்டுக் காட்டினான். படங்கள் நான் எடுத்தவை.

பனங்கூடல் வந்தது. ஆனையிறவு உப்பளம் வந்தது. அடுத்து மடுக் காடு வந்துவிட்டது. இடையில் முறிகண்டிப் பிள்ளையாரைக் காணவில்லை.

முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் அந்த வீதியில் எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவனும் போகமாட்டான். அன்றைக்கு உடைத்ததே அன்ரன்தான். “உன்ர டயருக்கும் சேர்த்து உடைச்சிட்டன்” என்று பெருமை வேறு.

“எங்கை மச்சான் அந்தப் படம்?” என்று தமிழில் கேட்டேன்.

“வாயை மூடு. பிள்ளையாரைக் கண்டால் இந்த வெள்ளைக்காரர் எங்களைக் கிறிஸ்தவர் எண்டு நம்பமாட்டினம்” என்று பல்லைக் கடித்தான்.

அடுத்த படத்தில் அன்ரன் மடுக்கோயில் வாசலில் எதையோ மென்றுகொண்டு நின்றான். கையில் மீதி வெள்ளைத் துண்டு. அது என்னவென்று முன்வரிசைக் கிழவி கேட்டாள்.

“ஆசீர்வதித்த அப்பம்” என்று கூசாமல் இங்கிலீசில் சொன்னான்.

பிள்ளையார் தேங்காயைப் பார்த்துக் கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

முறிகண்டியில் இறங்காமல் மடுவுக்குப் போன வேதக்காரர் யாராவது இருந்தால், எங்கள் ஆட்களின் வீடுகளுக்குச் சுற்றுக்கு விடும் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள். அன்ரன் வீட்டுக்குக் கடைசியாகக் கொடுங்கள். அவனிடம் போனால் இதுவும் காணாமல் போய்விடும்.