என் பொம்மையை மொழிபெயர்த்த வாத்தியார்

முத்துவெள்ளை என்ற அரிதாரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால், அது உருகிக் கண்ணுக்குள் இறங்கும். அந்த எரிச்சல் இன்னும் ஞாபகம் இருக்கிறது...

ஐம்பதுகளின் கடைசி. ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. எனக்கு இருபது வயது. தகரப் பெட்டியோடு கிருஷ்ணகிரியில் பஸ் ஏறி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவதுதான் பிழைப்பு. மேஜிக், பறவைக் குரல், குச்சிமேல் தட்டு சுற்றுவது... கூடவே முனியப்பா. அது பேசும் பொம்மை. வாயை அசைப்பது என் விரல், பேசுவது என் தொண்டை.

ஓசூரைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆண்டு விழா. நஞ்சப்பா என்ற வாத்தியார்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"நல்லா பண்ணுங்க தம்பி. சுத்துப்பட்டு ஸ்கூலுக்கெல்லாம் நானே லெட்டர் எழுதறேன்."

அந்த லெட்டரை நம்பித்தான் என் வருஷமே ஓட வேண்டும்.

"ஏன்டா முனியப்பா, பள்ளிக்கூடம் எதுக்கு வர்ற?" என்று ஆரம்பித்தேன்.

"மணி அடிச்சா வீட்டுக்குப் போலாம்ல!"

நாலு குழந்தைகள் சிரித்தன. மற்றவை முழித்தன. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு, மீதியில் முக்கால்வாசி கன்னடம்.

"இருங்க, இருங்க" என்று நஞ்சப்பா எழுந்தார். தெலுங்கில் சொன்னார். ஒரு பக்கம் சிரிப்பு. கன்னடத்தில் சொன்னார். இன்னொரு பக்கம் சிரிப்பு. அதைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகள் மறுபடியும் சிரித்தன. அதுவரை முனியப்பா வாயைப் பிளந்தபடி... என் விரல் மரத்துப்போய்...

ஒவ்வொரு வரிக்கும் இதே கதை. அடுத்து என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துவிடும்.

சரி, மேஜிக்குக்குப் பேச்சு வேண்டாமே என்று கைக்குட்டையை மறைத்தேன். அதற்கும் எழுந்தார். தெலுங்கில் ஏதோ சொல்லித் தன் சட்டைக் கையைத் தொட்டுக் காட்டினார். அத்தனை குழந்தைகளும் என் சட்டைக் கையைப் பார்த்தன!

எனக்கு வந்த ஆத்திரத்தில் முனியப்பாவைத் தூக்கினேன்.

"சார்! நீங்களே இங்க வந்து ஆடுங்க, நான் போயி பெஞ்சுல குந்திக்கறேன்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லெட்டர் போச்சு என்று நினைத்தேன்.

நஞ்சப்பா மெதுவாக எழுந்தார். தொண்டையைச் செருமினார். என் வார்த்தையைத் தெலுங்கில் சொன்னார், கோபமான முகத்தோடு, முனியப்பா மாதிரியே தலையை ஆட்டி. பிறகு கன்னடத்தில்.

கூரையே அதிர்ந்தது. "இன்னோகசாரி!" "இன்னொந்து சல!" என்று, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, இரண்டு மொழியிலும் கத்தல். அரைமணி நேரம் முனியப்பா அவரைத் திட்டினான். திட்டியதையெல்லாம் அவரே எழுந்து நின்று மொழிபெயர்த்தார்.

பஸ் ஏற்றிவிட வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட, விடுங்க தம்பி. அடுத்த தடவை மட்டும் கொஞ்சம் நிதானமா திட்டுங்க... கன்னடத்துல வார்த்தை தேட நேரமாவுது."

லெட்டர் எழுதினார். எழுதிய பள்ளிக்கெல்லாம் கூடவே வந்தும் தொலைத்தார். ஆறு வருஷம்!

போன மாதம் ஓசூரில், அபார்ட்மெண்ட்டில், கொள்ளுப்பேரனின் பர்த்டே. மைக் வைத்த ஒரு தம்பி முழுக்க இங்கிலீஷில் வேடிக்கை காட்டினார். திறமைசாலிதான், குறை சொல்லமாட்டேன். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண், அப்பா ஏதோ பேக்டரியில் வேலையாம், ஒடிசாவாம். என் கையைத் தட்டி அவள் மொழியில் என்னவோ கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையில் நடந்தது அவளுக்கும் புரியவில்லை. கேக் வெட்டும்வரை இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.