மருந்தறை அக்காவின் முகம்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் மருந்தறை அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் யாரோடும் உட்கார்ந்து அரட்டை அடித்ததில்லை. அடிக்கவும் கூடாது. புதுத் தடுப்பூசியைச் சோதிக்கும்போது பாதிப் பிள்ளைகளுக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. குப்பியிலிருந்து ஊசியில் ஏற்றி, உள்ளே இருப்பது தெரியாதபடி ஒட்டுத்தாள் சுற்றி, சின்ன ஜன்னல் வழியே நீட்டுகிற அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாய் தவறி ஒரு சொல் விழுந்தால் எல்லார் உழைப்பும் மண்ணாகிவிடும். அதனால் அவள் தலையைக் கண்டாலே நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். தனியாகத்தான் சாப்பிடுவாள். வீட்டிலும் காத்திருக்க ஆளில்லை.

அவளோடு வாய்விட்டுப் பேசிய ஒரே ஜீவன் வேன் டிரைவர். மருந்துப் பெட்டியை இறக்கிவிட்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தன் மகளின் சேட்டைகளை அளந்துவிடுவான். அக்கா சிரிப்பது பதிவேடு எழுதும் என் மேஜைவரை கேட்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்த மகளையே அவன் சோதனையில் சேர்த்தான். மொத்தம் மூன்று ஊசி. எது போடுகிறார்கள் என்று ஒருநாளும் அவன் கேட்டதில்லை. ஆனால் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது ஊசி போட்ட அன்று பிள்ளை ஊரைக் கூட்டி அழுதது. அக்கா அறையைவிட்டு வெளியே வந்தாள். வரவே கூடாது. பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது ஊசிக்கு டிரைவர் மகளைக் கூட்டிவரவில்லை.

"அக்கா மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. வெறுந்தண்ணிக்கு எதுக்குப் பிள்ளையக் குத்தணும்?" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டான்.

நர்ஸ் அதை எங்களிடம் சொன்னபோது அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். உள்ளே விசும்பல் கேட்டது. கதவைத் தட்டலாமா என்று நின்றேன். தட்டவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அடுத்த மழைக்காலத்தில், அந்த ஊசி தடுக்கவேண்டிய நோயே பிள்ளைக்கு வந்தது. உயிர் தப்பியது. ஒரு காது கேட்காமல் போயிற்று.

சோதனை முடிந்து, யாருக்கு எது என்ற பட்டியலைத் திறந்த அன்று அக்கா என் மேஜைக்கு வந்தாள். "கொஞ்சம் கூட வர்றீங்களா?" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. வேன் நிற்கும் இடத்துக்குப் போனோம்.

"தம்பி, பாப்பாவுக்குப் போட்டது மருந்துதான். மூணாவதும் போட்டிருந்தா ஒருவேளை..."

டிரைவர் வேன் கதவைத் திறந்து இறங்கினான்.

"அப்போ அன்னைக்கு எதுக்குக்கா அவ தலையத் தடவுனீங்க?"

"அழுதாளே, தம்பி" என்றாள் அக்கா.