புழுவின் புரோட்டீன் பிடித்த நாள்

நான் நாலாங்கிளாஸ். அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்லை. ஆனால் தொண்ணூறுகளில் திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில், மிளகாய் வத்தல், கொத்தமல்லி மொத்த வியாபாரத்தில், என்னைக் கேட்காமல் எவனும் விலை சொன்னதில்லை. என் மகள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று யாராவது கேட்டால் தராசை நிறுத்திவிட்டுச் சொல்லுவேன். ஒரு தரம் காதில் விழுந்தால் போதும் எனக்கு.

புழு தோல் உரிக்க அதன் உடம்பில் ஒரு ஹார்மோன் ஊறும். அந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளுகிற புரோட்டீன், டிஎன்ஏயில் ஓரிடத்தைப் போய்ப் பிடிக்கும். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அளப்பதுதான் அவள் வேலை. சின்னத் துண்டு டிஎன்ஏயில் பச்சையாக ஒளிரும் சாயம் ஒட்டியிருக்கும். தனியாகக் கிடந்தால் அது கிறுகிறுவென்று சுற்றும். புரோட்டீன் பிடித்துவிட்டால் கனம் கூடி மெதுவாகும். மெஷினில் எண் ஏறும். அவளுக்கு ஏறவேயில்லை. மாதக்கணக்காக.

என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் புரியாது. சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுமுன் கேட்பாள்: "ஏட்டி, இன்னிக்காவது பிடிச்சுதா?" நோயில் படுத்த பிறகும் விடவில்லை. மூச்சு வாங்கி வாங்கிக் கேட்டாள்.

"நாளைக்குப் பிடிக்கும்மா" என்பாள் மகள்.

கடைசியில் ஒரு தடவை புரோட்டீன் சுத்தமாக வந்திருந்தது. மறுநாள் அளக்கலாம் என்று ஐஸில் வைத்துவிட்டு வந்தாள். விடியும்போது அவள் அம்மா போய்விட்டாள்.

எரித்துவிட்டு வந்த மறுநாள் காலை, மகள் ஈரத்தலையோடு என் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, ஐஸில வச்ச புரோட்டீன் இன்னிக்குத் தாண்டாது. ஃப்ரீசர்ல உறைய வச்சாலும், பால் மாதிரி திரிஞ்சுபோகும்."

என் அக்காளுக்குப் பாம்புக் காது. "பெத்தவ சாம்பல் ஆறல. பதினாறு கழியுமுன்னே மக வாசல் தாண்டிப் புழு பாக்கப் போறாளாக்கும்! நல்லா வளத்திருக்கே."

"நான் வளத்ததுதான். நானே கொண்டு விடுதேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தேன். ஆரியசாலையே என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாது. அக்காள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் மெஷின் அறைக்குள் நானும் கூடப் போனேன். மகள் விளக்கை அணைத்தாள். வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும். டிஎன்ஏ இருந்த குழாயில் புரோட்டீனைத் துளி விட்டாள், பார்த்தாள். இன்னொரு துளி. எண் அசைந்தது. விட விட ஏறியது. பிறகு எவ்வளவு விட்டும் அதே இடத்தில் நின்றது. இருந்த டிஎன்ஏ முழுவதையும் பிடித்து முடித்துவிட்டது. யாரும் சொல்லாமலே எனக்கு விளங்கியது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் மேசைமேல் இருந்த போனில் வீட்டு நம்பரைச் சுற்றினாள்.

"அத்தே, அம்மாட்ட குடுங்க. பிடிச்சிட்டுன்னு சொல்லணும்."

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. நான் ரிசீவரோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்து, என் காதையும் ஒட்டி வைத்தேன். அந்தப் பக்கம் அக்காள், அந்த வெட்டு வெட்டென்று பேசுகிறவள், சொன்னாள்: "இரு பிள்ளே. அவ கிடந்த இடத்துல விளக்கு எரியுதுல்லா. போய்ச் சொல்லிட்டு வாரேன்."

ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம். எங்கள் கூடத்தில், தூரத்தில், அவள் குரல்: "ஏளா, பிடிச்சிட்டாம். உன் மக சொல்லுதா."

நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ரிசீவரில் காதை வைத்துக்கொண்டு நின்றோம், பதில் வரும் என்கிறதுபோல.